பாதியில் வந்தவர் பார்த்த படம்

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் தவறாமல் கேட்ட கேள்வி, "மேடம், அனிமேஷன் எந்த இன்ஸ்டிட்யூட்ல கத்துக்கிட்டீங்க?" என்பது. இன்ஸ்டிட்யூட் எதுவும் இல்லை, ஒரே ஒரு புத்தகம், அதுவும் பழைய புத்தகம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சிலர் அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. படித்தவள்தான் அதில் ஓர் அத்தியாயத்தைப் படிக்காமல் தள்ளிவிட்டாள். அதை அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ.யில் டிராயிங் படித்துவிட்டு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், வரைபடங்களைக் கையால் படியெடுக்கிற டிரேசராகச் சேர்ந்தேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து, மூன்றாம் வருடமே அவர் தனக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு இஷ்டமில்லை. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த கையோடு வரைபடப் பிரிவு முழுக்கக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. டிரேசர்களுக்கு வேலை இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. குனிந்து குனிந்து கழுத்து வலி வந்ததுதான் அந்த வேலையில் கண்ட மிச்சம். கூட இருந்த இரண்டு பேர் வேலையை விட்டு ஊருக்குப் போனார்கள். எனக்குப் போக இடம் இல்லை. பயிற்சிப் பிரிவில் தண்டபாணி சாரிடம் கொண்டுபோய் விட்டார்கள்.

தண்டபாணி சார் சேலத்துக்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். ஆனால் அவர் முன்னால் நின்று பேசுவதற்கு எல்லோருக்கும் பயம். ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று யாராவது விளக்கினால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துவார். "மெஷினை ஆஃப் பண்ணிட்டேன் சார்" என்றால், "சரிங்க. ஆஃப் பண்ணுன கை இப்ப எங்க இருக்குது?" என்பார். சொன்னால், "இன்னொரு கை?" என்பார். இரண்டு கைக்கும் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த வாக்கியம். புதியவர்கள் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். பதில் வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிட வேலையைச் சொல்லி முடிக்க அவரிடம் ஒரு மணி நேரம் ஆகும். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் பஸ்ஸில் போகிறவர்களின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியின் உயிர், பவர் பிரஸ் என்கிற இயந்திரம். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு. நடுவில் தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடி. சில சமயம் அடித்த துண்டு அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க ஏழு படிகள் என்று தண்டபாணி சார் ஒரு அட்டை எழுதி ஒவ்வொரு பிரஸ்ஸிலும் தொங்கவிட்டிருந்தார். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் பெரிய சக்கரம் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்; அது முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் ஓர் இரும்பு பிளாக்கை நிறுத்த வேண்டும். அது இருந்தால் மேல் அச்சு இறங்கவே இறங்காது. அதன் பிறகுதான் கை உள்ளே போகலாம். துண்டை எடுத்து, கையை வெளியே கொண்டுவந்து, பிளாக்கை எடுத்து, சுவிட்சைப் போட்டு, மறுபடி வேலை.

அட்டை தமிழில் இருந்தது. ஆட்கள் அப்படி இல்லை. எங்களைப் போல தெற்கிலிருந்து வந்தவர்கள் நிரந்தரத் தொழிலாளிகள். காண்ட்ராக்டில் வருகிறவர்கள் பேரிகை, உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, கம்பெனியில் ஒரு மொழி என்று மூன்றையும் கலந்து பேசுவார்கள். பேச்சில் கெட்டிக்காரர்கள். ஆனால் பலருக்கு எந்த மொழியிலும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டு, ஓரமாக இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இதுல ஃபிளாஷ்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்களாம். படம் ஓடுமாம். நீங்க வரையறவங்க. எழுத்தே இல்லாம அந்த ஏழு படியும் ஓடற மாதிரி செஞ்சு குடுங்க ருக்மணி."

"எனக்குக் கம்ப்யூட்டரைத் தொறக்கவே தெரியாது சார்."

"எனக்கும் தெரியாதுங்க. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பெங்களூருக்குப் போய், நடைபாதைக் கடையில், ஃபிளாஷைச் சொல்லிக்கொடுக்கிற அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். செங்கல் கனம். முழுக்க இங்கிலீஷ். பின்னட்டையில் சிடி வைக்கிற உறை இருந்தது, சிடி இல்லை. பாடத்துக்கு வேண்டிய படமெல்லாம் அதில்தான் இருக்குமாம். புத்தகம் 'சிடியில் உள்ள பந்தைத் திறக்கவும்' என்று சொல்லும். என்னிடம் பந்து இல்லை. நானே ஒரு பந்து வரைந்தேன். 'சிடியில் உள்ள படகைத் திறக்கவும்' என்று சொல்லும். படகும் நானே வரைந்தேன்.

வார விடுமுறை நாட்களில் அனுமதி வாங்கிக்கொண்டு பயிற்சி அறையில் போய் உட்கார்ந்துவிடுவேன். மடியில் டிக்‌ஷனரி. ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு காலை நேரம் போய்விடும். முதல் நிலையை வரைந்து, கடைசி நிலையை வரைந்துவிட்டால், நடுவில் உள்ளதை எல்லாம் அதுவே நிரப்பிக்கொள்ளும் என்ற பாடம் புரிந்த அன்று, என் பந்து மேலிருந்து விழுந்து, தரையில் பட்டு, எழும்பி, மறுபடி மேலே போய், மறுபடி விழுந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. வாசலில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை. அவரைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, "பந்துங்களா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் திங்கட்கிழமை காலைவரை நான் வாயைத் திறந்து பேசாத வாரங்கள் உண்டு. அந்தப் பந்து நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தது எனக்குத் துணையாக இருந்தது. ஃபிளாஷில் எதைச் செய்தாலும் அப்படித்தான், முடிந்ததும் தானே முதலிலிருந்து ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் நடுவில் ஓர் அத்தியாயம் முழுக்கக் குறிகளும் அடைப்புகளுமாக இருந்தது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உள்ளது, நமக்கு எதற்கு என்று அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

படம் செய்ய எட்டு மாதம் ஆனது. ஒவ்வொரு படியையும் சாரிடம் கொண்டுபோவேன். கம்ப்யூட்டரில் நான் ஓடவிடுவேன், அவர் என் பின்னால் நின்று, "நிறுத்துங்க. இப்ப இடது கை எங்க?" என்பார். இடது கையை நான் வரையவே இல்லை என்று அப்போதுதான் தெரியும். திருத்துவேன். கடைசியில் ஏழு படிகளும் ஒரு எழுத்துகூட இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. சார் முழுவதும் பார்த்துவிட்டு, "கை போற வழி எல்லாம் தெரியுதுங்க" என்றார். அவர் வாயால் அது பெரிய பாராட்டு. அந்த வாரம் நான் தலைகால் புரியாமல் நடந்தேன் என்றால் பொய் இல்லை.

ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸுக்குப் பக்கத்து அறையில் பெரிய திரை ஒன்றை வைத்தார்கள். காலையில் நான் படத்தை ஓடவிட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவேன். அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் புது ஆட்களை அனுப்புவார். ஒரு சுற்று பார்த்துவிட்டு, 'படம் பார்த்தேன்' என்ற நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம், பேரிகையிலிருந்து வந்த திம்மராஜ் என்பவர், வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள், ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸில் மாட்டிய துண்டை எடுக்கக் கையை விட்டார். கால் பெடலில் இருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், சொல்வதை எழுதிக்கொள்ள. தொழிற்சாலை மேலாளர், தண்டபாணி சார், காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மூவரும் இருந்தார்கள். திம்மராஜுக்கு முப்பது வயது இருக்கும். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றார். நோட்டில் அவருடைய கைநாட்டு இருந்தது. படத்தைப் பார்த்தும் மீறினார் என்று முடிவானால் அவரை அனுப்பிவிடுவார்கள். அந்தக் கையோடு வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. சார் அவரை ஓடாத ஒரு பிரஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், "படத்துல பாத்ததை அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றார்.

திம்மராஜ் இடது கையால் செய்து காட்டினார். முதலில் அச்சுக்குள் கையை விட்டு, கிடந்த துண்டை எடுக்கிற மாதிரி எடுத்தார். பிறகு பிளாக்கை எடுத்தார். சுவிட்சைப் போட்டார். வேலை செய்கிற மாதிரி காட்டினார். பிறகு சுவிட்சை அணைத்தார். சக்கரம் நிற்கட்டும் என்று கொஞ்சம் நின்றார். பிளாக்கை வைத்தார்.

"பிளாக்கைக் கடைசியிலயா வெப்பாங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"ஆமா சார். காலையில வந்து நேத்து கெடந்த துண்டு எடுக்கறது, பிளாக் எடுக்கறது, வேலை பண்றது. சாயந்தரம் ஆஃப் பண்ணி, பிளாக் வெச்சுட்டு வூட்டுக்குப் போறது. படத்துல அப்படித்தான சார் இருந்துச்சு. ஓடறப்போ துண்டு மாட்டுனா என்ன பண்றதுன்னு படத்துல இல்ல."

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். மேலாளர், "படத்தைத் தலைகீழாப் பாத்திருக்கான்" என்றார். எனக்குப் பேனா ஓடவில்லை. அவர் தலைகீழாகப் பார்க்கவில்லை. அவர் அறைக்குள் நுழைந்தபோது திரையில் கை உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் தொடக்கம் என்று நினைத்து அங்கிருந்து ஒரு சுற்று, சொன்ன மாதிரியே ஒரு சுற்று, கவனமாகப் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் அது ஒருநாள் வேலை. காலை முதல் மாலைவரை ஓர் இடத்திலும் இடிக்காத கதை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று என் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, சார் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயந்தேன். வீட்டில் யாராவது இருந்திருந்தால் சொல்லி அழுதிருப்பேன். தள்ளிவிட்ட அத்தியாயத்தை எடுத்து டிக்‌ஷனரியோடு படித்தேன். படம் முடிந்ததும் நிற்க ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். அதற்கு அடுத்த பக்கத்தில், பார்க்கிறவர் அழுத்தினால் மட்டும் தொடங்குகிற மாதிரி ஒரு பொத்தான் வைப்பது எப்படி என்று இருந்தது. மூன்று பக்கம். நான் மூன்று காலைப்பொழுதில் படித்துவிடக்கூடிய மூன்று பக்கம்.

ஐந்தாம் நாள் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் "ஓடவிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, திரை முன்னால் நின்று, ஒரு சுற்று பார்த்தார். அவர் அந்தப் படத்தைப் பாதியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தானே மரியாதையாக முதலிலிருந்து ஓடவிட்டுக் காட்டுவேன்.

"கை எங்கன்னு நூறு தடவை கேட்டேன்" என்றார். "பாக்கறவன் எங்க நிக்கறான்னு கேக்கல. இது என் தப்பும்தாங்க."

அவர் எழுதிய அறிக்கையில் படத்தின் குறை என்று தெளிவாக எழுதினார். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மேலிடத்தில் அதை ஏற்கவில்லை. கம்பெனி செய்த படத்தில் குறை என்று காகிதத்தில் இருந்தால் பின்னால் வம்பு என்றார்கள். பத்து நாள் இழுத்து, கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். 'தொழிலாளி படத்தைப் பாதியில் வந்து பார்த்தார்' என்று எழுத வேண்டும். எழுதினால் திம்மராஜை அனுப்பமாட்டார்கள், நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்வார்கள். சார் அவரையே கூப்பிட்டுக் கேட்டார். "வேலை இருக்குமுங்களா சார்?" என்று திம்மராஜ் கேட்டார். இருக்கும் என்றார் சார். "அப்போ எழுதிக்குங்க." நான் அந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் இல்லை. பாதியில்தான் வந்தார். ஆனால் அந்த வாக்கியம் போல ஒரு பொய்யை நான் என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

திருத்திய படத்தில் பொத்தான் வந்தது, முடிவில் நின்றது. திம்மராஜுக்குக் கொடுத்த வேலை, அந்தத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புது ஆட்கள் எல்லோரும் வந்து நின்ற பிறகு பொத்தானை அழுத்துவது. ஆட்களுக்குத் தகுந்தபடி தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுவார். யாராவது விரலைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "படத்தைப் பாதியில வந்து பாத்தேன் கண்ணு. என் தப்பு. நீ முதல்லேர்ந்து பாரு" என்பார். உள்ளறையில் நான் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. மூன்று மொழியிலும் அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். தண்டபாணி சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு, உண்மை தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். மதியம் சாப்பிடும்போதுகூட அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

ஐந்தாறு வருடம் பொறுத்தேன். ஒருநாள் அவர் "என் தப்பு" என்று சொன்னதும் எழுந்து வெளியே போய், நின்றிருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால், "அவர் மேல தப்பு இல்லப்பா. படம் செஞ்சது நான். தப்பு படத்துலதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். பையன்கள் என்னைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். திம்மராஜ் பொத்தானை அழுத்தினார். படம் ஓடியது. பாதிப் பேர் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு அவர் உள்ளே வந்தார். கோபமாக இருந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"எத்தன வருசத்துக்கு நீங்க இதைச் சொமப்பீங்க? உங்க தப்பு இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம். நீங்க பொத்தான் வெச்சப்பவே தெரிஞ்சிக்கிட்டேன். என் தப்பா இருந்தா படத்தை எதுக்கு மாத்துவீங்க?" அந்தக் கையை மேஜை மேல் வைத்தார். "என் தப்புன்னு சொன்னா பசங்க கண்ணு சிமிட்டாம பாக்கறாங்க. படம் தப்புன்னு சொன்னா எவன் நம்பிப் பாப்பான்? இனிமே சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. அன்று மாலை பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். செய்த தப்பை ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நான் ஓய்வு பெற்ற நாளில் என்னைப் பாராட்டிப் பேசியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து திம்மராஜும் கை தட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஃபிளாஷையே மூடிவிட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் அது திறப்பதில்லை. என் படத்தை எடுத்துவிட்டு, நிஜ ஆளை வைத்து எடுத்த வீடியோவைப் போட்டுவிட்டார்களாம். திம்மராஜ்தான் போன் செய்து சொன்னார். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு வருத்தமாக இல்லை.

"இனிமே சொல்லிக்கலாம் மேடம்" என்றார். "அதை நம்பிப் பாக்க வேண்டியவங்க இப்ப யாரும் இல்ல."

எழுதலாமா என்று கேட்டேன். உங்கள் பெயரைப் போடலாமா என்றும் கேட்டேன்.

"போடுங்க. ஆனா, திம்மராஜ் ஏமாந்து போய்ப் பழியை ஏத்துக்கிட்டான்னு எழுதிடாதீங்க. தெரிஞ்சுதான் சொன்னான்னு எழுதுங்க."

திம்மராஜ் தெரிந்துதான் சொன்னார்.